அழைப்பு உண்டு… அனுமதி இல்லை!

உலக எய்ட்ஸ் மாநாடுகளின் வாசலில் தடுத்து நிறுத்தப்படுகிறவர்கள் யார்? அதனால் இழப்பு யாருக்கு?

1989 ஜூன் 4. கனடாவின் மான்ட்ரியல் நகரம். பாலே தே காங்ரே மாநாட்டு மாளிகையில் ஐந்தாவது உலக எய்ட்ஸ் மாநாட்டின் தொடக்க விழா. கோட்டு சூட்டில் மருத்துவர்கள், விஞ்ஞானிகள், மருந்து நிறுவன அதிகாரிகள் எனக் கூட்டம் நிரம்பி வழிகிறது. பிரதமர் பிரையன் முல்ரோனி மாநாட்டைத் தொடங்கி வைக்க வேண்டும். திடீரென்று எஸ்கலேட்டர் பக்கம் கோஷம். கையில் பதாகைகளோடு சுமார் 300 பேர் அரங்கத்துக்குள் நுழைகிறார்கள். நியூயார்க்கின் 'ஆக்ட் அப்', டொரான்டோவின் 'எய்ட்ஸ் ஆக்‌ஷன் நவ்' ஆகிய அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். பலர் எச்ஐவியுடன் வாழ்கிறவர்கள். நேராக மேடை ஏறுகிறார்கள். டிம் மெக்காஸ்கெல் என்ற கனடாக்காரர் மைக்கைப் பிடிக்கிறார். உலகெங்கும் எய்ட்ஸுடன் வாழ்கிறவர்களின் சார்பில் இந்த மாநாட்டைத் தொடங்கி வைப்பதாக அறிவிக்கிறார். பிரதமர் பேச வருவதற்குள் மாநாடு தொடங்கியாகிவிட்டது!

மேடையை விட்டு இறங்கியவர்கள் வெளியே போகவில்லை. வி.ஐ.பி-களுக்கென்று ஒதுக்கிய முன்வரிசை நாற்காலிகளில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

33 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை கடைசியில், அதே நகரம், அதே மாளிகை. இப்போது 24-வது மாநாடு. இந்த முறையும் தொடக்க விழாவில் போராட்டக்காரர்கள் மேடையேறினார்கள். கோரிக்கைதான் வேறு. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கனடா விசா மறுத்திருந்தது; இன்னும் பலருக்கு விண்ணப்பத்தின் மீது முடிவே சொல்லவில்லை. அவர்களில் ஆய்வுக் கட்டுரை வாசிக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். உதவித்தொகை பெற்றவர்கள் இருந்தார்கள். அமர்வுகளுக்குத் தலைமை தாங்க வேண்டியவர்களும் இருந்தார்கள். ஐ.நா-வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸின் தலைவர், உகாண்டாவைச் சேர்ந்த வின்னி பியான்யிமாவையே ஜெனீவா விமான நிலையத்தில் திரும்பத் திரும்ப ஆவணங்களைக் கேட்டுக் குடைந்தார்கள். கடைசி ஆளாகத்தான் விமானத்தில் ஏறினேன் என்று அவரே பொதுவெளியில் எழுதினார். இது இனவாதம் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். விழாவில் பேச வேண்டிய கனடா அமைச்சர் ஹர்ஜித் சஜ்ஜன் மேடைப்பக்கம் வரவே இல்லை.

அன்று மேடையைப் பிடித்தார்கள். இன்று விமானத்தைப் பிடிக்கவே வழியில்லை. இந்த 33 ஆண்டுகளில் என்னதான் நடந்தது?

முன்வரிசையில் உட்கார்ந்ததால் என்ன கிடைத்தது?

எய்ட்ஸ் உலகை உலுக்கத் தொடங்கிய காலத்தில், நோயாளி என்பவர் ஆய்வுக்கான பொருள், அவ்வளவுதான். அதை முதலில் உடைத்தது 1983-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த ஒரு சுகாதாரக் கூட்டம். நோயோடு இருந்த சிலர் மேடையேறி, 'எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள். எங்களைப் பற்றிய முடிவு எதுவானாலும் அதில் எங்களுக்கும் இடம் வேண்டும்' என்ற பொருளில் ஓர் அறிக்கையை வாசித்தார்கள். 'டென்வர் கோட்பாடுகள்' என்ற பெயரில் இன்றைக்கும் எச்ஐவி இயக்கத்தின் அடிப்படை ஆவணம் அதுதான்.

மான்ட்ரியல் மேடையேற்றம் அதன் அடுத்த கட்டம். அடுத்த ஆண்டே அமெரிக்க அரசின் எய்ட்ஸ் மருந்து ஆய்வுக் குழுக்களில் பாதிக்கப்பட்டவர்களின் பிரதிநிதிகளுக்கு இடம் கிடைத்தது. மருந்துச் சோதனையில் யாரைச் சேர்ப்பது, எதை அளப்பது என்ற கேள்விகளில் அவர்கள் வாய் திறக்க முடிந்தது. 1992-ல் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டுக்கு வந்த பெண்கள் ஒன்றுகூடி, எச்ஐவியுடன் வாழும் பெண்களுக்கான சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 டிசம்பர் 1 அன்று பாரிஸில் 42 நாடுகள் கையெழுத்திட்ட பிரகடனம், எச்ஐவியுடன் வாழ்வோரை எல்லா மட்டத்திலும் ஈடுபடுத்த வேண்டும் என்பதை அரசுகளின் கடமையாகவே எழுதி வைத்தது.

கொள்கை காகிதத்தில் ஏறிவிட்டது. ஆனால் காகிதத்துக்கும் குடியேற்ற அதிகாரியின் மேசைக்கும் இடையே தூரம் அதிகம்.

[பெட்டிச் செய்தி] 25 மாநாடுகள்: எங்கே, எத்தனை?

1985-ல் அட்லாண்டாவில் தொடங்கி 2024-ல் மியூனிக் வரை நடந்த உலக எய்ட்ஸ் மாநாடுகள்: 25

• ஐரோப்பா: 10
• அமெரிக்கா, கனடா: 8
• ஆசியா: 2 (யோகோஹாமா 1994, பாங்காக் 2004)
• ஆப்பிரிக்கா: 2 (இரண்டும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில்: 2000, 2016)
• லத்தீன் அமெரிக்கா: 1 (மெக்சிகோ சிட்டி 2008)
• ஆஸ்திரேலியா: 1 (மெல்போர்ன் 2014)
• முழுக்க ஆன்லைன்: 1 (2020)

உலகில் எச்ஐவியுடன் வாழ்வோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். 25-ல் இரண்டு முறைதான் மாநாடு அவர்களைத் தேடிப் போயிருக்கிறது. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

பெட்டிக்குள் இருந்த மாத்திரை

மான்ட்ரியல் போராட்டத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1989 ஏப்ரலில், ஹான்ஸ் பால் வெர்ஹூஃப் என்ற டச்சுக்காரர் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் ஒரு சுகாதாரக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் மினியாபொலிஸ் விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்தபோது ஏஇசட்டி மாத்திரைகள் கிடைத்தன. எச்ஐவிக்கு அப்போது இருந்த ஒரே மருந்து அது. மாத்திரையே அவருக்கு எதிரான சாட்சியானது. பிடித்துச் சிறையில் வைத்தார்கள். சில நாட்கள் கழித்துத்தான் விட்டார்கள்.

காரணம், 1987-ல் அமெரிக்கா கொண்டுவந்த தடை. எச்ஐவி உள்ள வெளிநாட்டவர் நாட்டுக்குள் நுழையக் கூடாது. வெர்ஹூஃப் கைது உலகச் செய்தியானது. 1990-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆறாவது மாநாட்டைப் பல அமைப்புகள் புறக்கணித்தன. 1992 மாநாடு பாஸ்டனில் நடப்பதாக இருந்தது. தடையை நீக்காவிட்டால் வரமாட்டோம் என்று மாநாட்டுக்காரர்கள் உறுதியாக நின்றார்கள். அமெரிக்கா அசையவில்லை. மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்கு இடம் மாறியது.

எச்ஐவி உள்ளவர்களை உள்ளே விடாத நாட்டில் மாநாடு நடத்துவதில்லை என்ற நெறியை அதன்பின், மாநாட்டை நடத்தும் சர்வதேச எய்ட்ஸ் சொசைட்டி விடாமல் பிடித்துக்கொண்டது. 1990-க்குப் பிறகு 22 ஆண்டுகள் அமெரிக்க மண்ணில் இந்த மாநாடு நடக்கவே இல்லை. உலகிலேயே அதிகமாக எய்ட்ஸ் ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும் நாட்டுக்கு அது சாதாரண அவமானம் இல்லை. 2009 அக்டோபரில் ஒபாமா தடை நீக்கத்தை அறிவித்தார். 2010 ஜனவரி 4 அன்று அது நடைமுறைக்கு வந்தது. 2012 மாநாட்டுக்கு வாஷிங்டன் தேர்வானது அதன் பிறகுதான் சாத்தியமானது.

இடத்தேர்வு என்பது வெறும் ஏற்பாட்டு வேலை என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை புரட்ட வேண்டும். ஒரு வல்லரசின் சட்டத்துக்கு எதிராக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஆயுதம் அது.

கொல்கத்தாவில் நடந்த 'வாஷிங்டன்' மாநாடு

தடை நீங்கியது. ஆனால் எல்லோருக்கும் நீங்கவில்லை. கடந்த பத்து ஆண்டுகளுக்குள் பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்தால் அமெரிக்க விசா கிடையாது என்பது அந்நாட்டுக் குடியேற்றச் சட்டம். போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் அதே கதி. எச்ஐவி பரவலின் பாரத்தை அதிகம் சுமக்கும் இரண்டு பிரிவினரும் வாஷிங்டன் மாநாட்டுக்கு வெளியே நின்றார்கள்.

வெளியே நின்றவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. 2012 ஜூலையில், வாஷிங்டனில் மாநாடு நடந்த அதே நாட்களில், கொல்கத்தாவில் 'பாலியல் தொழிலாளர் சுதந்திரத் திருவிழா' நடந்தது. சோனாகாச்சிப் பகுதிப் பாலியல் தொழிலாளர்களின் அமைப்பான துர்பார் மகிளா சமன்வய கமிட்டியும் பாலியல் தொழிலாளர் அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து நடத்திய விழா அது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பாலியல் தொழிலாளர்கள் வந்தார்கள். சொற்பொழிவு, விவாதம், ஊர்வலம், ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டு. வாஷிங்டனோடு காணொளி இணைப்பும் இருந்தது; மாநாட்டின் அதிகாரபூர்வக் கிளை மையமாகவே அது அறிவிக்கப்பட்டது.

வெற்றிதான். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு வீட்டுக் கல்யாணத்தில் நெருங்கிய சொந்தத்துக்குப் பக்கத்துத் தெருவில் தனிப் பந்தி போட்டது போலத்தான் இது. சாப்பாடு நன்றாகவே இருக்கலாம், கேள்வி அதுவா?

2020-ல் இதே கதை திரும்பவும் நடந்தது. மாநாடு சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து நகரங்களில் நடக்கும் என்று 2018-ல் அறிவித்தபோதே, டிரம்ப் ஆட்சியின் குடியேற்றக் கெடுபிடிகளைச் சுட்டிக்காட்டிப் பல சமூக அமைப்புகள் எதிர்த்தன. அவை மெக்சிகோவில் மாற்று மாநாடு நடத்தத் திட்டமிட்டன. கொரோனா வந்து இரண்டையும் ஆன்லைனுக்குத் தள்ளிவிட்டது. சண்டை முடியவில்லை, ஒத்திப்போனது. 2022-ல் மான்ட்ரியலில் அது வெடித்தது.

டர்பன்: இடம் மாறியது, பேச்சும் மாறியது

யார் உள்ளே வருகிறார்கள் என்பதைப் பொறுத்து மாநாடு என்ன பேசும் என்பதும் மாறுமா? 2000-ம் ஆண்டு டர்பன் அதற்குப் பதில் சொன்னது.

வளரும் நாடொன்றில் நடந்த முதல் உலக எய்ட்ஸ் மாநாடு அது. தொடக்க விழாவில் நிகோசி ஜான்சன் என்ற 11 வயதுச் சிறுவன், தன் உடம்புக்குப் பெரிதான சூட்டைப் போட்டுக்கொண்டு மேடையேறினான். பிறவியிலேயே எச்ஐவி. கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுங்கள், குழந்தைகளுக்குத் தொற்றாமல் இருக்கும் என்று அரசைக் கேட்டான். எங்களைக் கண்டு பயப்படாதீர்கள், நாங்களும் மனிதர்கள்தான் என்றான். எய்ட்ஸுக்கு எச்ஐவிதான் காரணமா என்றே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்த அதிபர் தாபோ எம்பெக்கி, சிறுவன் பேசி முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டார். அடுத்த ஆண்டு ஜூன் 1 அன்று நிகோசி இறந்துபோனான்.

மறுநாள் தென்னாப்பிரிக்க நீதிபதி எட்வின் கேமரூன் பேசினார். தானும் எச்ஐவியுடன் வாழ்கிறவன் என்பதை மறைக்காதவர். நீதிபதிச் சம்பளத்தில் மருந்து வாங்க முடிகிறது, அதனால் உயிரோடு இருக்கிறேன். அந்தப் பணம் இல்லாத லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விஞ்ஞானிகளின் முகத்துக்கு நேராகச் சொன்னார். அரங்கத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் மருந்து கேட்டு டர்பன் தெருக்களில் ஊர்வலம் போனார்கள்.

அன்றைய தேதியில் கூட்டுமருந்துச் சிகிச்சைக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவாகும். ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது, தடுப்பு ஒன்றுதான் வழி என்பதே பணக்கார நாடுகளின் நிலைப்பாடாக இருந்தது. டர்பனுக்குப் பிறகு அதை வெட்கமில்லாமல் சொல்வது கடினமாகிவிட்டது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்கு, அதாவது ஒரு நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாக அறிவித்தது. 2002-ல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் தொடங்கியது. 2003-ல் அமெரிக்காவின் எய்ட்ஸ் உதவித் திட்டமான 'பெப்ஃபார்' வந்தது.

இவ்வளவுக்கும் ஒரு மாநாடுதான் காரணம் என்று சொல்ல முடியாது. வழக்குகள், தெருப் போராட்டங்கள், இந்திய மருந்துக் கம்பெனிகள் என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் அது. ஆனால் அதே மாநாடு அந்த ஆண்டு ஜெனீவாவில் நடந்திருந்தால் நிகோசி மேடையேறியிருப்பானா? ஊர்வலம் போனவர்களில் எத்தனை பேருக்கு சுவிஸ் விசா கிடைத்திருக்கும்?

ஒரு விசா ஃபைலைப் பிரித்தால்…

இன்று எச்ஐவி இருக்கிறது என்பதற்காக விசா மறுப்பதாக, இந்த மாநாட்டை நடத்தும் நாடுகள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சொல்லவும் தேவையில்லை. விண்ணப்பப் படிவமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கம்பாலாவிலோ கடலூரிலோ களப்பணி செய்யும் ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம். எச்ஐவியுடன் வாழ்கிறவர். எச்ஐவி சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்துக்கு வராமல் நின்றுவிட்டவர்களை வீடு தேடிப் போய் மறுபடி மாத்திரைக்குக் கொண்டுவருவது அவர் வேலை. மாதச் சம்பளம் என்று எதுவும் கிடையாது, திட்டம் ஓடும் வரை மதிப்பூதியம். தன் அனுபவத்தை ஆய்வுச் சுருக்கமாக எழுதி அனுப்புகிறார். தேர்வாகிறது. உதவித்தொகையும் கிடைக்கிறது.

இப்போது விசா ஃபைல் தயாராக வேண்டும். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்: கணக்கில் மதிப்பூதியம் வந்த வேகத்தில் வெளியே போயிருக்கிறது. சொத்துப் பத்திரம்: இல்லை. சம்பளச் சான்று: இல்லை. கணவர், குடும்ப விவரம்: கணவர் இறந்துவிட்டார், புகுந்த வீடு ஒதுக்கிவிட்டது. முன்பு போன வெளிநாடுகள்: எதுவுமில்லை. அதே இடத்தில் ஒரு திருநங்கை என்றால் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், முகத்துக்கும் போட்டோவுக்கும் பொருத்தமில்லை. பாலியல் தொழிலாளி என்றால் 'தொழில்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

செலவும் குறைவில்லை. கனடா விசாவுக்குக் கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைப் பதிவுக்கு 85. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. கூடவே குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. மறுத்தாலும் கட்டணம் திரும்பி வராது. பல ஆப்பிரிக்க நாடுகளில் கனடாவுக்குத் தூதரகமே இல்லை.

கடைசியில் வரும் பதில் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது: தங்கும் காலம் முடிந்ததும் நீங்கள் நாடு திரும்புவீர்கள் என்ற திருப்தி எங்களுக்கு இல்லை.

வறுமை, நிரந்தர வேலையின்மை, குடும்பத்தின் ஒதுக்கல் ஆகியவைதான் எச்ஐவி ஒருவரைக் கடுமையாகத் தாக்குவதற்குக் காரணங்கள் என்று மாநாட்டு மேடையில் ஆய்வறிக்கை வாசிக்கிறார்கள். அதே காரணங்களைக் காட்டி அந்த மேடைக்கே வரவிடாமல் தடுக்கிறது விசா அலுவலகம். 1987-ன் தடையில் சட்டத்தின் பெயராவது இருந்தது, எதிர்த்துப் போராட முடிந்தது. இந்தத் தடைக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை.

[பெட்டிச் செய்தி] எண்கள் சொல்வது (2024, யுஎன்எய்ட்ஸ்)

• உலகில் எச்ஐவியுடன் வாழ்வோர்: சுமார் 4.08 கோடி
• சிகிச்சையில் இருப்போர்: சுமார் 3.16 கோடி
• புதிய தொற்றுகள்: சுமார் 13 லட்சம்
• எய்ட்ஸ் தொடர்பான இறப்புகள்: சுமார் 6.3 லட்சம்

இந்தியாவில் எச்ஐவியுடன் வாழ்வோர் சுமார் 25 லட்சம் பேர்.

ஆன்லைன் போதாதா?

'அதான் எல்லாம் ஆன்லைனில் வருதே' என்பது கொரோனாவுக்குப் பிறகு சுலபமாகக் கிடைக்கும் பதில். வீட்டிலிருந்தே அமர்வுகளைப் பார்க்க முடிவது நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மாநாட்டில் நடக்கும் முக்கியமான வேலை மேடையில் நடப்பதில்லை. காபி இடைவேளையில் நிதி கொடுக்கும் நிறுவனத்தின் அதிகாரியை மடக்கிப் பேசுவது, மருந்துக் கம்பெனியின் ஸ்டாலுக்கு முன் நின்று விலை கேட்பது, பக்கத்து நாட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குவது இவையெல்லாம் கேமராவுக்கு வெளியே நடப்பவை. மான்ட்ரியலில் மதியம் மூன்று மணிக்குத் தொடங்கும் விவாதம் சென்னைக்கு நள்ளிரவு. சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் அந்த நேரத்தில் கேள்வி கேட்க மைக் கிடைக்குமா?

மாநாட்டின் அலுவல் மொழி ஆங்கிலம் என்பது இன்னொரு மதில். ஆய்வுச் சுருக்கம் ஆங்கிலத்தில் இருந்தால்தான் பரிசீலனைக்கே எடுக்கப்படும். கிராமத்தில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவரின் அறிவு, அதை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த தலைநகர ஆலோசகரின் பெயரில் போய்ச் சேர்வது இப்படித்தான்.

மாநாட்டு வளாகத்தில் 'குளோபல் வில்லேஜ்' என்ற பகுதி உண்டு. பதிவுக் கட்டணம் இல்லாமல் யாரும் நுழையலாம். சமூக அமைப்புகளின் கடைகள், கலை நிகழ்ச்சிகள், சந்திப்புகள் என்று எப்போதும் கலகலப்பாக இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் மருந்து ஆய்வு முடிவுகளைப் பேசும் அரங்குகளுக்குப் போகப் பணம் கட்டிய அடையாள அட்டை வேண்டும். மக்கள் ஒரு பக்கம், முடிவுகள் இன்னொரு பக்கம் என்ற பிரிவினை கட்டடத்துக்குள்ளும் தொடர்கிறது.

ஊசி கண்டுபிடிக்க நாங்கள், போட்டுக்கொள்ள?

விளைவு எங்கே போய் முடியும் என்பதற்கு ஆகச் சமீபத்திய உதாரணம் லெனகாபவிர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் எச்ஐவி தொற்றாமல் காக்கும் ஊசி. 2024 ஜூலையில் மியூனிக் மாநாட்டில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானி லிண்டா-கெயில் பெக்கர் ஆய்வு முடிவுகளை வெளியிட்டபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 5,300-க்கும் மேற்பட்ட இளம் பெண்கள் ஆய்வில் பங்கேற்றிருந்தார்கள். இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் அடுத்த கேள்வி எழுந்தது. சிகிச்சைக்கென்று அமெரிக்காவில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த இதே மருந்தின் விலை ஆண்டுக்கு 42,250 டாலர். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில் குழு அதே மாநாட்டில் கணக்குப் போட்டுக் காட்டியது: ஒரு கோடிப் பேருக்குத் தயாரித்தால் ஆண்டுக்கு 40 டாலருக்கே தரலாம்! ஆர்வலர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தயாரிப்பாளரான கிலியட்டை நெருக்கினார்கள். அக்டோபரில் ஆறு நிறுவனங்களுக்குப் பொதுப்பெயர் மருந்து தயாரிக்க கிலியட் உரிமம் கொடுத்தது. அவற்றில் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டிரோவும் உண்டு. 2025 செப்டம்பரில் இந்த இரு நிறுவனங்களின் ஊசியும் 2027 முதல் ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்குக் கிடைக்கும் என்ற அறிவிப்பும் வந்துவிட்டது.

ஆனால் அந்த உரிமம் 120 நாடுகளுக்கு மட்டும். இதே ஊசிக்கு நடந்த இரண்டாவது ஆய்வில் தங்கள் உடம்பைக் கொடுத்துப் பங்கேற்ற மக்களின் நாடுகளான பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு நான்கும் பட்டியலில் இல்லை. ஆய்வுக்கு வேண்டும், மலிவு விலைக்கு வேண்டாம். உரிமப் பேச்சு நடந்த மேசையில் அந்த மக்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்தால் இப்படி ஒரு பட்டியல் அவ்வளவு எளிதாக வெளியே வந்திருக்குமா?

சென்னைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இருக்கிறது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல் சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் டாக்டர் நிர்மலா சேகரித்த, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகள் வேலூர் சிஎம்சியில் பரிசோதிக்கப்பட்டன. இந்தியாவின் எச்ஐவி வரலாறே, பேச வாய்ப்பில்லாத பெண்களின் ரத்தத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த மௌனத்தை உடைத்ததும் இதே ஊர்தான். 1997-ல் எச்ஐவியுடன் வாழ்வோருக்கான இந்தியக் கூட்டமைப்பு சென்னையில் உருவானது. அடுத்த ஆண்டு, நாமக்கல்லைச் சேர்ந்த பி.கௌசல்யாவும் அவரது தோழிகளும் சேர்ந்து எச்ஐவியுடன் வாழும் பெண்களுக்கென்று 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்'கைத் தொடங்கினார்கள்.

இந்த அமைப்புகளால் என்ன ஆகிவிடும் என்று கேட்டவர்களுக்கு 2008-ல் பதில் கிடைத்தது. எச்ஐவி உள்ள குழந்தைகளுக்கான நெவிரபைன் சிரப்புக்கு ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் இந்தியாவில் காப்புரிமை கேட்டிருந்தது. இந்த இரண்டு அமைப்புகளும் 2006-ல் எதிர்ப்பு மனு போட்டன. 2008 ஜூனில் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. பாட்டிலில் இருக்கும் மருந்தைத் தினமும் அளந்து குழந்தைக்கு ஊற்றிக் கொடுக்கும் தாய்க்கு, அந்தக் காப்புரிமை என்ன செய்யும் என்பது எந்த நிபுணரையும்விட நன்றாகத் தெரியும். அந்த அறிவு சட்ட மேசைக்குப் போனதால் வென்றது. மாநாட்டு மேசைக்கும் அது போக வேண்டும் என்பதுதான் கேட்பது.

இனி என்ன செய்யலாம்?

வழியே இல்லை என்று கைவிரிப்பது பொய். உலக எய்ட்ஸ் மாநாட்டிலிருந்து தனியாக நடக்கும் எச்ஐவி அறிவியல் மாநாடு 2025 ஜூலையில் ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது. ஆப்பிரிக்கர்கள் எல்லோருக்கும் விசா வேண்டாம் என்று 2023-லேயே அறிவித்த நாடு அது. லெனகாபவிர் ஊசிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் வெளியானதும் அங்கேதான். பெரிய மாநாட்டை நடத்தப் பணக்கார நகரத்தால்தான் முடியும் என்ற வாதத்தை டர்பன் இரண்டு முறை பொய்யாக்கியது. கிகாலி மூன்றாவது முறை.

அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததில் சமூக அமைப்புகள் பல நிலைகுலைந்து கிடக்கின்றன. களப்பணியாளருக்குக் கூலி கொடுக்கவே காசில்லாதபோது விமான டிக்கெட்டுக்கு எங்கே போவது? இந்த நேரத்தில் 'நிதி இல்லை' என்று சொல்லி முதலில் வெட்டுவது சமூகப் பிரதிநிதிகளின் பயணச் செலவைத்தான். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. ஒன்று, மாநாடு நடத்த விரும்பும் நாடு, பதிவு செய்தவர்களுக்கு விசா கொடுப்பதாக முன்கூட்டியே எழுத்தில் உறுதி தர வேண்டும். பாலியல் தொழிலாளர்களுக்கும், போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கும், திருநர்களுக்கும் அந்த உறுதி பொருந்த வேண்டும். இரண்டு, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு மறுத்தார்கள் என்ற கணக்கை மாநாடு முடிந்ததும் நாடு வாரியாக வெளியிட வேண்டும். மூன்று, விசா கட்டணம், காப்பீடு, கைரேகைப் பதிவுக்கான பயணம் எல்லாம் உதவித்தொகையில் முன்பணமாகவே சேர வேண்டும். நான்கு, தாய்மொழியில் எழுதிய ஆய்வுச் சுருக்கத்தை ஏற்று, மொழிபெயர்ப்புப் பொறுப்பை மாநாடே எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து, அமர்வில் வரவேற்புரை சொல்ல மட்டும் ஒரு 'பாசிட்டிவ்' பிரதிநிதியை அழைக்கும் வழக்கம் நிற்க வேண்டும். எந்த ஆய்வைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் அவர்களுக்கு வாக்கு வேண்டும்.

இந்திய அரசுக்கும் ஒரு கேள்வி உண்டு. உலகின் எச்ஐவி மருந்துகளில் பெரும்பங்கைத் தயாரிக்கும் நாடு நாம். ஆசிய-பசிபிக் எய்ட்ஸ் மாநாட்டை 2007-லேயே கொழும்பு நடத்திக் காட்டிவிட்டது. 25 உலக மாநாடுகளில் ஒன்றைக்கூட நாம் நடத்தவில்லை. நடத்த முன்வந்தால், விசா வாசலில் பிற நாடுகள் செய்த தவற்றைச் செய்யாமல் இருக்க முடியுமா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

1992-ல் பாஸ்டனை உதறிவிட்டு ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும் துணிச்சல் மாநாட்டுக்காரர்களுக்கு இருந்தது. அதே துணிச்சல் இப்போதும் வேண்டும். நோயாளிக்கு விசா கொடுக்காத நகரத்துக்கு, நோயைப் பற்றிய மாநாட்டையும் கொடுக்கக் கூடாது.